அன்று கமான் பட்டை, இன்று லிஃப்ட் கிட்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வழியைச் சாலை என்று சொல்ல உள்ளூர்க்காரர்களே தயங்குவார்கள். 10, 12 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் ஜீப்பில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். உருண்டு கிடக்கும் கல், மண்ணுக்குள்ளிருந்து முதுகு காட்டும் பாறை, மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளம், இவைதான் பாதை. உச்சியில் ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டி போகிற வழியோ கேரளத்தில். தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியிலிருந்து ஏறுவதென்றால் நடைதான்.

கொழுக்குமலைப் பாதை ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாத பாதைகள் ஏராளம். போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காய் விளைகிற மலை முழுக்க, தார்ச்சாலையிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் இறங்கும் கல் பாதைகள் உண்டு. கீழே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் இருந்த ஜீப் பட்டறைகள் அந்தப் பாதைகளை நம்பித்தான் நடந்தன. 1980களில் அப்படி ஒரு பட்டறையில்தான் நான் தொழில் படித்தேன். பட்டறை என் தாய்மாமாவுடையது.

அன்றைக்கு வந்த வண்டிகளில் பாதி, ராணுவ ஏலத்தில் எடுத்தவை. மீதி, எஸ்டேட் முதலாளிகள் ஓட்டிக் கழித்தவை. எல்லாம் ஒரே வம்சம். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா நிறுவனம் 1947-ல் இங்கே கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கேயே செய்தது. சி.ஜே. 3பி என்ற உயரமான பானட் கொண்ட மாதிரி, அமெரிக்காவில் 1960களில் நின்றுபோன பிறகும் இங்கே பல்லாண்டு உயிரோடு இருந்தது. அதன் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் 2.2 லிட்டர். உள்ளே இழுக்கும் வால்வு மேலே ஹெட்டிலும், புகை தள்ளும் வால்வு பக்கத்தில் பிளாக்கிலும் இருக்கும். அருமையான எஞ்சின், ஆனால் பெட்ரோலை மடமடவென்று குடிக்கும். ஏலக்காய் மூட்டை ஏற்றிப் பிழைக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே பட்டறைக்கு வருகிற வண்டிக்கு முதல் வேலை, பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றுவது. மெட்டடார் வேனின் எஞ்சின் பல ஜீப்புகளுக்குள் போனது இப்படித்தான். எஞ்சின் மவுண்டிங்கை வெட்டி ஒட்டுவது, கிளட்ச் ஹவுசிங்குக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே தகடு கடைந்து பொருத்துவது எல்லாம் லேத்காரரும் வெல்டரும் மாமாவும் சேர்ந்து செய்கிற வேலை. வரைபடம் கிடையாது. பழைய காலண்டர் அட்டையை வெட்டி அளவு பார்ப்பார்கள். 1980களின் நடுவில் பெஜோ டீசல் எஞ்சினோடு எம்.எம். 540 வந்தபின் அந்த வேலை மெல்லக் குறைந்தது.

இரண்டாவது வேலை கமான் பட்டை, அதாவது வண்டியைத் தாங்கும் வில் போன்ற இரும்புத் தகடு. கல் பாதையில் ஓடுகிற ஜீப்பின் ஆயுள் பட்டையில்தான் இருக்கிறது. கூலிக்கு ஆள் ஏற்றுகிறவர்கள் வந்து, "இன்னொரு பட்டை சேர்த்துக் கட்டுங்க" என்பார்கள். பட்டை சேர்ந்தால் பின்பக்கம் உயரும், சுமை தாங்கும். ஆனால் மாமா அதை முழு மனதோடு செய்ததே இல்லை. பட்டை கூடினால் கமான் இறுகும். இறுகின கமான் பாறைமேல் வளையாது. ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது மறுபக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அங்கேதான் சிக்கல். சாதாரண டிஃபரன்சியல், எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே ஓட்டத்தைக் கொடுக்கும் குணம் கொண்டது. அந்தரத்தில் நிற்கும் சக்கரம் விர்ரென்று சுற்றும். தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்காக இரண்டு எழும்பிவிட்டால் ஃபோர் வீல் போட்டும் வண்டி நிற்கும். அதனால் எஸ்டேட் முதலாளி தன் சொந்த ஜீப்பைக் கொண்டுவந்தால் மாமா செய்வது நேர் எதிர்: ஒரு பட்டையைக் கழற்றுவார், மற்றதற்கு இடையில் கிரீஸ் பூசுவார், ஷேக்கில் புஷ்ஷைப் புதிதாகப் போடுவார். அந்த வண்டி பாறைமேல் நாலு சக்கரத்தையும் பதித்துப் போகும்.

பழைய ஜீப்பின் உண்மையான பலம் அதன் லோ கியரில் இருந்தது. வில்லிஸ் வடிவமைப்பில் முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்சிலின் கிரவுன் பினியன் மூன்றையும் பெருக்கினால் 37 வரும். எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஐட்லிங்கில் விட்டால் மனிதன் நடப்பதைவிட மெதுவாக, ஒரு கல்லைக்கூட உதைக்காமல் ஏறும். கிளட்ச்சில் கால் வைக்கவே கூடாது. மாமாவிடம் நான் கற்ற முதல் பாடம் ஸ்பேனர் பிடிப்பதல்ல, சக்கரம் வைப்பது. "மாப்ள, கல்ல நடுவுல விட்டு ஓட்டாத. சக்கரத்த அதுமேல ஏத்து. டயர் தேஞ்சா மாத்திக்கலாம். ஹவுசிங் உடைஞ்சா மலையிலயே படுக்கணும்" என்பார். கல்லைத் தாண்டிப் போவதாக நினைத்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுகிறவன், வண்டியின் மிகத் தாழ்ந்த பாகத்தை, டிஃபரன்சியல் உருண்டையை, நேராகக் கொண்டுபோய் அதில் மோதுகிறான்.

மலையிலேயே படுக்காமல் வருவதற்கென்று ஒரு வித்தை இருந்தது. ஒவ்வொரு ஜீப்பிலும் சீட்டுக்கடியில் ஒரு கோணிப்பை. அதில் யு போல்ட், சென்டர் போல்ட், ஜாயின்ட் கிராஸ், ஃபேன் பெல்ட், சங்கிலி, மரக்கட்டை, பார் சோப்பு, மஞ்சள் தூள். டீசல் டேங்கில் கல் அடித்து ஒழுகினால் சோப்பை ஈரமில்லாமல் அழுத்தித் தேய்த்தால் பட்டறை வரை தாங்கும். ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள் தூள். மெயின் பட்டை முறிந்தால், ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே மரக்கட்டையைச் செருகிச் சங்கிலியால் கட்டி, நடையாய் நடத்திக் கீழே கொண்டுவருவார்கள். முறிந்த பட்டையை மட்டும் மாமா வெல்டிங் வைக்கவே மாட்டார். சூடேறிய பட்டை தன் வளைவுக்குணத்தை இழந்து, வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். பின்பக்க ஜாயின்ட் ஷாஃப்ட்டில் கிராஸ் உடைந்தால் அந்த ஷாஃப்ட்டையே கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, ஃபோர் வீலில் தட்டி முன் சக்கரங்களின் இழுப்பில் மட்டும் ஊர் வந்து சேர்வார்கள். டீசல் பைப்பில் காற்று புகுந்தால் கையாலேயே பம்ப் அடித்து வெளியேற்றலாம். பேட்டரி செத்தாலும் மலைதானே, சரிவில் தள்ளிவிட்டால் உயிர் வரும். மழைக்காலத்தில் டயரில் சங்கிலி சுற்றி வழுக்குச் சேற்றில் ஏறுவார்கள். இதெல்லாம் அறிவு. எழுதிவைக்காத, கைவழியாக வந்த அறிவு. அதன்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. விடிகாலையில் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்புகளில் ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் ஆண்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் அதே கூட்டம், அதே வண்டி, இறக்கத்தில். பட்டை சேர்த்துக் கட்டியதால் வண்டி சுமையைத் தாங்கியது. நிறுத்தும் சக்தி மட்டும் அப்படியே இருந்தது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பல வண்டிகளில் பிரேக் ஆயில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழியில் போகும். ஒரு இடத்தில் பைப் விட்டால் மொத்தமும் போச்சு. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறினால் மிதி பிடிக்காது. ஓடையைத் தாண்டி நனைந்த டிரம்மும் பிடிக்காது. அந்த மலையில் கவிழ்ந்த ஜீப்புகளில் கூலிக்குப் போன ஏழைகள்தான் செத்தார்கள். வண்டி எத்தனை பேரை ஏற்றும் என்று பட்டறையில் கேட்டார்கள். எத்தனை பேரோடு நிற்கும் என்று கேட்டவர்கள் குறைவு.

இப்போது இன்றைக்கு வருவோம்.

2010-ல் மஹிந்திராவின் தார் ஜீப் வந்தது. 2015-ல் அதன் பின் ஆக்சிலுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்சியல் கொடுத்தார்கள். அந்தரத்தில் ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியதும் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். என் மாமா எந்தக் குறைக்காகப் பட்டையைக் கழற்றியும் கிரீஸ் பூசியும் பாடுபட்டாரோ, அந்தக் குறை கம்பெனியிலேயே தீர்ந்தது. 2020 அக்டோபரில் வந்த புதிய தாரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் 226 மில்லிமீட்டர் இடைவெளி. 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும். முன்னால் டிஸ்க் பிரேக், ஏர்பேக், சீட் பெல்ட், வழுக்கும்போது சக்கரத்தைத் தனித்தனியாகப் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு. பெரிய எஸ்டேட் முதலாளிக்குக்கூட 1985-ல் கனவில் வராத வண்டி இது.

இந்த வண்டிதான் ஷோரூமிலிருந்து நேராக மாற்றுவதற்கு வந்து நிற்கிறது. அன்று கல் எதை உடைத்ததோ அதை மாற்றினோம். இன்று கல்லைப் பார்ப்பதற்கு முன்பே மாற்றுகிறார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்த, பெட்டியில் வரும் லிஃப்ட் கிட்டும், 35 அங்குல டயரும், இரும்புப் பம்பரும், விஞ்சும், கூரைமேல் தட்டும், அதன்மேல் விளக்கு வரிசையும் ஏறுகின்றன. ஒவ்வொன்றும் எடை. கூரைமேல் ஏற்றிய எடை, பக்கவாட்டில் சாய்ந்த பாறையில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் எடை.

சென்ற மழைக்காலம் முடிந்தபின் போடிமெட்டுக்கு மேலே, தெரிந்தவர் ஒருவரின் தோட்டப் பாதையில், இப்படி மாற்றிய தாரோடு ஒரு இளைஞர் வந்தார். நல்ல பிள்ளை, கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்.

"அண்ணே, மூணு இஞ்ச் தூக்கியிருக்கேன். அப்புறமும் பின்னாடி அடியில இடிக்குதே?"

"தம்பி, நீங்க தூக்கினது பாடியை. இடிக்கிறது ஹவுசிங். அது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல கம்பி மாதிரி ஒரே துண்டா கிடக்கு. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் அது எழும்பாது. டயர் பெருசானாத்தான் எழும்பும். அதுவும் டயர் கூடின உயரத்துல பாதிதான்."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதை யாருமே சொல்லலைண்ணே" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. பணம் வாங்கி மாட்டியவர்கள் வண்டிக்கு அடியில் அவரைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும்.

டயர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 18 அங்குல அலாய் வீலோடு வரும் தாரின் டயர் ஏறக்குறைய 31 அங்குல உயரம். அதைக் கழற்றி 35 போட்டால், ஹவுசிங் இரண்டு அங்குலம் எழும்பும். உண்மையான லாபம்தான். ஆனால் சக்கரம் பெரிதானதால் கியரின் பலம் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடும். லோ கியரில் ஊர்ந்து போன வண்டி இப்போது கொஞ்சம் ஓடப் பார்க்கும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் சக்தியும் அதே அளவு குறையும். பிரேக்குக்கும் அதே கதை: அதே டிஸ்க், அதே டிரம், ஆனால் அதை எதிர்த்து நெம்புகிற சக்கரம் பெரிதாகிவிட்டது, கனமாகிவிட்டது. தூக்கிய ஸ்பிரிங்கால் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, கிராஸ் சீக்கிரம் தேயும்; முன்பக்க ஆக்சிலின் ரப்பர் பூட் கிழியும். பாறைக்காக வாங்கிய பொருளை நடுவழியில் பாறை திருப்பிக் கேட்கும்.

ரிம் விஷயத்தில்தான் எனக்கு மிகவும் ஆதங்கம். 16 அங்குல வீலோடு வரும் தாரில், டயரின் பக்கச்சுவர் 180 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அந்தச் சுவர்தான் கல்லின் வடிவத்துக்கு மடங்கிக் கொடுக்கிறது. அழகுக்காக 20 அங்குல ரிம் மாட்டினால் சுவர் மெலிந்துபோகும். கல்லின் அடி நேராக ரிம்மில் விழும். பாறையில் போவதற்கு முன் சக்கரத்தில் 30 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றை 20-க்குப் பக்கத்தில் இறக்கினால் டயர் தரையோடு படியும் பரப்பு கூடும், வழுக்கல் குறையும், குலுங்கலும் குறையும். ஒரு காசு செலவில்லாத மாற்றம் இது. பக்கச்சுவர் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும். அன்று காற்றை இறக்க எங்களுக்குத் தயக்கம் இருந்தது. கைப்பம்பால் நாலு டயரையும் மறுபடி நிரப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். இன்று பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸர் எல்லோரிடமும் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பக்க இரும்புக் கம்பிப் பம்பர்களுக்குத் தடை போட்டது. அன்று எங்கள் பட்டறையில் நடந்த எஞ்சின் மாற்றங்களில் பல இன்று பதிவுக்கே நிற்காது. இந்தச் சட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். தார்ச்சாலையில் எதிரே வருகிற பைக்காரனுக்கும் நம் வண்டியின் பிரேக்மேல் உரிமை உண்டு.

இன்றைக்கு வந்த நல்லவற்றில் கயிற்றை மறக்க முடியாது. சிக்கிய ஜீப்பை நாங்கள் இரும்புச் சங்கிலியால் இழுத்தோம். சங்கிலி அறுந்தால் அது பாயும் வழியில் நிற்கிறவன் பிழைப்பது அரிது. இன்று விரிந்து சுருங்கும் நைலான் கயிறு இருக்கிறது, கயிற்றைக் கொக்கியில் மாட்ட, செயற்கை இழையால் பின்னிய ஷேக்கில் இருக்கிறது, மரத்தை அறுக்காத அகலப் பட்டி இருக்கிறது. லிஃப்ட் கிட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். ஆனால் சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கியில்தான் கட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் கட்டினால் அது பிய்ந்து குண்டாகப் பறக்கும்.

இரண்டு காலத்தையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிவது இது. அன்று பட்டை சேர்த்தவர்களும் இன்று டயரைப் பெரிதாக்குகிறவர்களும் ஏறுவதற்காகவே செலவு செய்தார்கள். இறங்குவதற்கென்று யாரும் செலவழிக்கவில்லை. கல் பாதையில் ஏற முடியாத வண்டி நின்ற இடத்தில் நிற்கும். யாரும் சாக மாட்டார்கள். இறங்கும்போது நிற்காத வண்டிதான் பள்ளத்துக்குப் போகிறது. இப்போதும் அந்த மலையில் கூலி ஜீப்புகள் ஓடுகின்றன. கொழுக்குமலையில் சூரியோதயம் பார்க்க, விடிவதற்கு முன்பே குடும்பம் குடும்பமாக ஜீப்புகளில் ஏறுகிறார்கள். அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் தேர்ந்தவர்கள். அவர்கள் கைத்திறனை நம்பி பிரேக் ஷூவைத் தள்ளிப்போடுவது உடைமையாளர்கள் செய்யும் அநியாயம்.

ஆகவே வண்டி வைத்திருக்கிற தம்பிகளே, ஒரு வேண்டுகோள். கடைக்குப் போவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒரு முறை படுத்துப் பாருங்கள். பிரேக் பைப், பிரேக் ஷூ, பேட், ஜாயின்ட் கிராஸ், யு போல்ட் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேளுங்கள். முதல் பணத்தை அதற்குச் செலவழியுங்கள். பிறகு கம்பெனி கொடுத்த டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, அனுமதி உள்ள பாதையில், கூட இன்னொரு வண்டியோடு, லோ கியரில் போய்வாருங்கள். எது போதவில்லை என்று அந்தப் பாதை காட்டுகிறதோ, சட்டம் இடம் கொடுத்தால் அதை மட்டும் மாற்றுங்கள். தார்ச்சாலையைத் தொடுவதற்கு முன் டயரில் காற்றை நிரப்பிவிடுங்கள்.